கார் தரிப்பிடத்தில் நின்ற சாட்சி

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் நாங்கள் சாமான் வாங்குகிற தமிழ்க் கடையின் பின்பக்கம் ஒரு பெரிய குப்பைத் தொட்டி நின்றது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அதற்குள் எட்டிப் பார்த்தேன். அன்று காலை நானே அந்தக் கடை வாசலில் இறக்கி வைத்த பத்திரிகைக் கட்டு உள்ளே கிடந்தது. கட்டியிருந்த பிளாஸ்ரிக் பட்டிகூட அறுபடவில்லை. மேலே அழுகிய வாழைப்பழங்களைக் கொட்டி, அதற்கும் மேல் மீன் வெட்டிய தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். முதற்பக்கத்தில் ஒரு கையின் படம். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைக் கட்டுப் போட்ட வலக்கை. அது என் மனைவியின் கை. படத்தின்மேல் மீன் செதில்கள் ஒட்டியிருந்தன.

கடைக்குள் போய்க் கேட்டேன். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "உது சும்மா குடுக்கிற பேப்பர்தானே அண்ணை. ஆரும் எடுக்கலாம், ஆரும் எறியலாம்" என்றார். பத்திரிகையை நடத்தியவரும் நானும் பொலிசுக்குப் போனோம். அங்கேயும் ஏறக்குறைய இதையேதான் ஆங்கிலத்தில் சொன்னார்கள். இலவசமாகக் கொடுக்கிற பொருளை எப்படிக் களவெடுப்பது என்று அந்த அதிகாரி சிரித்தார்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வெள்ளிக்கிழமை விரதம், திருநீறு பூசாமல் படியிறங்குவதில்லை. கோபம் மனிதனைக் கெடுக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவன். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் இத்தனை வருடமாகியும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் கேட்டதுமில்லை.

அந்தப் பத்திரிகையை நடத்தியவரை எல்லோரும் எடிற்றர் அண்ணை என்போம். ஊரிலும் பத்திரிகையில் வேலை செய்தவர். அங்கே எழுதுகிறவனுக்கு என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டுவிட்டு இங்கே வந்தவர். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில்தான் பத்திரிகை உருவானது. கணினியில் தமிழை அடித்து, தாளில் எடுத்து, பிளேட்டால் வெட்டி, பெரிய அட்டையில் பசை பூசி ஒட்டுவார். பசைக் கையோடு மூக்குக் கண்ணாடியைத் தள்ளித் தள்ளி அதன் காதில் எப்போதும் கடதாசித் துண்டு ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் என் பழைய வான் வண்டியில் கட்டுகளை ஏற்றிக் கடை கடையாகப் போட்டுவிட்டு நான் கோயிலுக்குப் போவேன். "எங்கட சனம் பேப்பரைப் பின்பக்கத்தாலைதான் வாசிக்கும், தம்பி" என்பார். "ஆர் செத்தது எண்டு பாத்து முடிச்சாப் பிறகுதான் இருக்கிறவை என்ன செய்யினம் எண்டு பாக்கும்." மரண அறிவித்தல்கள் கடைசிப் பக்கத்தில் வரும். பத்திரிகைக்குச் சோறு போட்டதும் அந்தப் பக்கம்தான்.

என் மனைவி அப்போது ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தாள். தொழிற்சாலை அவளை நேரே எடுக்கவில்லை. ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிற ஒரு தமிழர் இருந்தார். முதலாளி என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வோம். விடியக் காலமை வீடு வீடாக அவருடைய வான் வரும். பெண்கள் ஏறுவார்கள். பின்னேரம் அதே வான் கொண்டுவந்து இறக்கும். எவருடைய பெயரும் எந்தப் பதிவிலும் இருக்காது. கையில் காசு கொடுப்பார். எங்கள் அம்மன் கோயிலில் திருவிழாச் செலவைப் பொறுக்கிற பெரிய உபயகாரரும் அவர்தான். திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்னுக்கு நிற்பார். நானே அவர் நெற்றியைப் பார்த்து, நல்ல பக்திமான் என்று நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் அவளுடைய கை அழுத்துகிற மெசினுக்குள் போய்விட்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நசிந்துபோயின. தொழிற்சாலைக்காரன் அம்புலன்சைக் கூப்பிடவில்லை, முதலாளியைக் கூப்பிட்டான். அவர் வந்து கையைத் துவாயால் சுற்றி, ஆசுப்பத்திரிக்குப் போவோம் என்று ஏற்றினார். அன்றைக்கு வேலை முடிந்த வேறு மூன்று பெண்களும் வானில் இருந்தார்கள். மார்க்கம் றோட்டில், பனி கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பஸ் தரிப்பில் அவளை இறக்கிவிட்டார். "கார்க் கதவு நசிச்சதெண்டு சொல்லு பிள்ளை. தொழிற்சாலை எண்டு வாய் திறந்தியோ, இவை எல்லாற்றை வேலையும் போகும்" என்று சொல்லிவிட்டு வானை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வந்த பஸ்ஸின் சாரதி, கறுப்பின மனிதர், அவளைக் கண்டதும் பஸ்ஸை அப்படியே நிறுத்தி, தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தி, அம்புலன்சுக்கு அறிவித்தார். அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. தினமும் விளக்கு வைக்கும்போது அவருக்காகவும் கும்பிடுகிறோம். விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. அப்படி ஒருத்தி இங்கே வேலையே செய்யவில்லை என்று தொழிற்சாலை சொல்லிவிட்டது.

அவள் ஆசுப்பத்திரியில் கிடந்த வெள்ளிக்கிழமை நான் கட்டு எடுக்கப் போகவில்லை. எடிற்றர் அண்ணை என்னைத் தேடி ஆசுப்பத்திரிக்கே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவளிடம் எல்லாவற்றையும் கேட்டார். வானில் வந்த மூன்று பெண்களின் வீடுகளுக்கும் போய்க் கேட்டார். மூன்று பேரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். அடுத்த வாரம் முதலாளியின் பெயரையும் போட்டு, முதற்பக்கத்தில் எழுதினார். குப்பைத் தொட்டிக்குள் கிடந்தது அந்த இதழ்தான்.

சில நாட்களில் முதலாளியின் வழக்கறிஞர் கடிதம் அனுப்பினார். எழுதியது அவதூறு, முதற்பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மானநஷ்ட வழக்கு. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எடிற்றர் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மனிதர் ஏதோ கலியாணக் கடிதம் கொண்டுவந்ததுபோல இருந்தார். நூல்நிலையத்தில் போய் இந்த நாட்டுப் பத்திரிகைகளின் பழைய கதையைத் தேடி வாசித்திருக்கிறார். குசினி மேசையில் இருந்துகொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் அதைச் சொன்னார்.

நூற்றைம்பது வருடத்துக்கும் முன்னர், இது இன்னும் பிரித்தானியரின் கொலனியாக இருந்த காலத்தில், கிழக்கே ஹலிபக்ஸ் துறைமுகப் பட்டினத்தில் ஒரு பத்திரிகைக்காரர் இருந்தாராம். ஊரை ஆண்ட நீதவான்கள் ஏழைச் சனத்துக்கு உரியதைத் தின்கிறார்கள் என்று ஒரு கடிதத்தைத் தன் பத்திரிகையில் போட்டாராம். உடனே அவதூறு வழக்கு. அந்த நாளில், எழுதியது உண்மையென்றாலும் குற்றம் குற்றம்தான். உண்மை என்று காட்டவே சட்டம் விடாது. வழக்கறிஞர்கள் எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். பெரிய பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர் சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்து, தனக்காகத் தானே எழும்பி ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பேசினாராம். குற்றவாளி என்று சொல்லும்படி நீதிபதி ஜூரிமாருக்குச் சொல்லியும், அவர்கள் உள்ளே போன சூட்டோடு திரும்பி வந்து, குற்றவாளி இல்லை என்றார்களாம். சனம் அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதாம். இந்த நாட்டில் பத்திரிகைக்காரன் வாய் திறக்கலாம் என்பது அங்கேயிருந்துதான் தொடங்கியது என்றார்.

என் மனைவி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தாள். "அந்த ஏழைச் சனத்தில ஒருத்தரும் வந்து சாட்சி சொல்லேல்லையோ அண்ணை?"

"சொல்ல விட்டால்தானே தங்கச்சி. அப்பத்தையச் சட்டம் அப்பிடி."

"இப்ப விடுவினமோ?"

"இப்ப விடுவினம். உண்மை எண்டு காட்டினால் வழக்கு நிக்காது. லோயரிட்டையும் கேட்டனான்."

"அப்ப நான் வாறன்" என்றாள். எங்கள் அகதி வழக்கு அப்போதுதான் முடிந்திருந்தது. கோடு, கச்சேரி என்று இன்னொரு வழக்குக்குள் போக எனக்குப் பயம். "நீர் கொஞ்சம் பேசாமல் இரும்" என்றேன். "நான் பேசாமல் இருந்துதான் பஸ் தரிப்பில இறங்கினனான்" என்றாள். வானில் வந்த மூன்று பெண்களும் வருவதாகச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் கோயில் செயலாளர் இடையில் வந்தார். "வெள்ளைக்காரன்ர கோட்டுப் படியேறி எங்கட மானத்தை விக்கவேணுமே? அம்மாளுக்கு முன்னால தீர்ப்பம். முதலாளி கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணத் தயார். எடிற்றரும் வந்து பண்ணட்டும்" என்றார். எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம் இது. எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து ஒருவன் சொன்னால் அதற்கு மேல் விசாரணை இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதனால் பொய் சொல்ல முடியும் என்று அப்போது நான் நினைத்திருக்கவில்லை. எடிற்றர் அண்ணை யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். காயப்பட்ட பிள்ளை முதலில் சபைக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு யாரும் சத்தியம் பண்ணலாம். "அதுக்கென்ன" என்றார் செயலாளர். அடுத்து வருகிற வெள்ளிக்கிழமை என்று வைத்தார்கள்.

அதற்கிடையில் ஊரில் என் பெரியப்பா காலமானார். எங்களுக்குத் துடக்கு. துடக்கோடு கோயில் படியேறுகிற ஆளல்ல நான். ஆகவே நானே செயலாளருக்குப் போன் எடுத்து, துடக்குக் கழியும்வரை தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டேன். நேரம் குறித்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். "நீங்கள் ரெண்டுபேரும் வெளியில வந்து நில்லுங்கோ. நாங்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து கேக்கிறம். அதில என்ன பிரச்சினை?" என்றார். அவ்வளவு தன்மையாகச் சொன்னார். நான் நன்றியும் சொன்னேன்.

கோயில் அப்போது ஒரு தொழிற்பேட்டையில், ரயர்க் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னேரப் பூசைக்குச் சனம் நிறைந்துவிட்டது. நாங்கள் இருவரும் கார் தரிப்பிடத்தில் நின்றோம். குளிர் சப்பாத்துக்குள்ளால் ஏறியது. கட்டுப்போட்ட கைக்குக் கையுறை போட முடியாது. ஆகவே என்னுடைய மப்ளரை அவள் கையில் சுற்றினேன். அவள் சொல்ல வேண்டியதைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகிறவர்கள் எங்களைக் கண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். பூசை மணி கேட்டது, ஓய்ந்தது. எவரும் வாசலுக்கு வரவில்லை.

உள்ளே நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். பூசை முடிந்ததும் செயலாளர் நேரே கற்பூரத் தட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். எடிற்றர் அண்ணை எழும்பி, முதல் அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்றிருக்கிறார். "அவை துடக்குக்காரர். அவையின்ர கதையைத்தான் நீர் பேப்பரில போட்டுட்டீரே, வாசிச்சனாங்கள்தானே" என்றாராம் செயலாளர். சபையில் சிரிப்பு. "அப்ப எல்லாரும் வாசலுக்கு வாங்கோ. நீங்கள் உள்ளுக்கு நிண்டு கேளுங்கோ, அந்தப் பிள்ளை வெளியில நிண்டு சொல்லட்டும்" என்று எடிற்றர் அண்ணை கேட்டிருக்கிறார். ஒருவரும் அசையவில்லை. யாரோ ஒருத்தர், "கதவைத் திறந்தால் குளிர் வரும் ஐசே" என்றாராம்.

கதவைத் திறந்தால் குளிர் வரும். ஒரு பெண் இரண்டு விரலை இழந்து வெளியே நிற்கிறாள். இருநூறு பேர் கூடிய சபை அவளுக்குச் சொன்ன மறுமொழி அதுதான்.

எடிற்றர் அண்ணை வெளியே வந்தார். சப்பாத்தைச் சரியாகப் போடாமல், குதியை மிதித்துக்கொண்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றார். "சாட்சியை வெளியில விட்டிட்டு நான் உள்ளுக்கு என்னத்தைச் சத்தியம் பண்ண" என்றார். கொஞ்ச நேரத்தில் மீண்டும் மணி அடித்தது. முதலாளி கற்பூரத்தை அணைத்து, அந்தப் பெண்ணைத் தான் ஆசுப்பத்திரி வாசலில் இறக்கியதாக அம்மாள் மேல் சத்தியம் செய்தார். ஐயர் தட்டை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். பிறகு பிரசாதம் கொடுத்தார்கள். வெளியே வந்த சனம் எங்களைத் தாண்டிப் போகும்போது, எங்கள் காதில் விழட்டும் என்றே பேசியது. "பாத்தியே, எடிற்றர் கற்பூரத்தைக் கண்டோடன ஓடிட்டார்."

அடுத்த கிழமை மூன்று பெண்களும் ஒவ்வொருவராகப் போன் எடுத்தார்கள். முதல் இருவரும் தங்களை விட்டுவிடச் சொன்னார்கள். மூன்றாமவள் அழுதாள். "அக்கா, நான் கண்டது கண்டதுதான். உங்களை அவர் பஸ் தரிப்பிலைதான் இறக்கினவர். ஆனா அந்த மனுசன் அம்மாளுக்கு முன்னால அணைச்சுப்போட்டார். இனி நான் கோட்டில மாறிச் சொன்னால் அம்மாளைப் பொய் எண்டு சொன்ன மாதிரியெல்லே." என் மனைவி போனை வைத்துவிட்டுச் சாமியறைக்குள் போய் இருந்தாள். நான் கூப்பிடவில்லை.

எனக்கு அம்மாளோடு கோபமில்லை. அம்மாளுக்கு முன்னால் பொய் சொன்னவனை அம்மாள் பார்த்துக்கொள்வாள். என் கோபம் எங்கட சனத்தோடு. கண்ணால் கண்டதைவிடக் கற்பூரம் பெரிது என்று நினைத்த பக்தி என்ன பக்தி? அது பக்தியில்லை, சோம்பல். யோசிக்கிற வேலையைச் சாமியின் தலையில் கட்டிவிட்டு வடை தின்னப் போகிற சோம்பல். ஹலிபக்ஸ் பத்திரிகைக்காரருக்குச் சட்டம் ஒரு துளியும் உதவவில்லை. ஊர்ச் சனம் உதவியது. எங்களுக்குச் சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. சனம்தான் குளிர் வருகிறதென்று சாத்தியது. நான்கு சாட்சி ஒன்றானதும் எங்கள் பக்க வழக்கறிஞர் கையைப் பிசைந்தார். கடைகள் பத்திரிகையை வைக்க மறுத்தன. விளம்பரங்கள் நின்றன. கடைசியில் மரண அறிவித்தல்கூட வரவில்லை. செத்தவர்களின் வீடுகளுக்கும் செயலாளர் போன் எடுத்தார் என்று அறிந்தோம். எடிற்றர் அண்ணை மன்னிப்பு மட்டும் கடைசிவரை போடவில்லை. பத்திரிகை நின்றது. நின்றுபோன பத்திரிகை மேல் முதலாளி வழக்குப் போடவும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு அவர் பாடசாலை பஸ் ஓட்டினார். எங்கள் வீட்டுக்கு வருவார், தேத்தண்ணி குடிப்பார், அந்தக் கதையை எடுக்க மாட்டார். என் மனைவி மட்டும், "நான் இன்னும் சொல்லேல்லை அண்ணை" என்பாள். "சொல்லுவீர் தங்கச்சி" என்பார்.

சென்ற மாதம் அவர் காலமானார். செத்தவீட்டு மண்டபம் நிறைந்த சனம். முன்வரிசையில், ஊன்றுதடியோடு, முதலாளி. இப்போது அவருடைய பெயர் பெரிய கோயில் ஒன்றின் வாசற்கல்லில் இருக்கிறது. ஒவ்வொருவராக எழும்பி, பத்திரிகைச் சுதந்திரத்தின் காவலன், அஞ்சா நெஞ்சன் என்று பேசினார்கள். குளிர் வரும் என்று கதவைத் திறக்கவிடாத அதே வாய்கள். முதலாளியும் பேசினார். "எங்களுக்குள்ள ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தது உண்மைதான். ஆனா அவற்றை பேனாவை நான் எண்டைக்கும் மதிச்சனான்" என்றார்.

அவர் திரும்பிப் போய்க் கதிரையில் இருக்கும் முன்னரே என் மனைவி எழும்பிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நேரே போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள். நிகழ்ச்சியை நடத்திய தம்பி, "அன்ரி, லிஸ்ற்ல உங்கட பேர் இல்லை. ரைமும் காணாது" என்றான்.

"கன வரிசமாப் பாத்துக்கொண்டு நிண்டனான் தம்பி. கொஞ்சம் பொறும்" என்றாள்.

பிறகு சொன்னாள். "இவர் எழுதினது பொய் எண்டு இஞ்சை இருக்கிற கொஞ்சப்பேர் சொன்னவை. அதில கை போனது எனக்கு. ஆசுப்பத்திரிக்கெண்டு ஏத்தினவர் மார்க்கம் றோட்டில பஸ் தரிப்பில இறக்கினவர். இறக்கிப்போட்டு, என்ர ரத்தம் பட்ட கால்மிதியை வானுக்குள்ளால எடுத்துப் பனியில உதறினவர். உதறிப்போட்டுத் திருப்பி விரிச்சுக்கொண்டு போனவர். அந்தா இருக்கிறார். நான் அண்டைக்கு வாசலில நிண்டு சொல்ல வந்தது இவ்வளவும்தான்."

கால்மிதியின் கதையை அவள் எனக்கே சொன்னதில்லை. முதலாளி தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெட்டியருகே போய், மிஞ்சிய விரல்களால் அண்ணையின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் செத்தவீட்டைக் கலர்ப் படங்களோடு போட்டன. முதலாளியின் அஞ்சலி முழுப்பக்கம். என் மனைவி பேசியது ஒரு வரிகூட இல்லை. ஒரு பத்திரிகைக்காரருக்கு நானே போன் எடுத்தேன். "சட்டச் சிக்கல் வரும் அண்ணை, தெரியும்தானே" என்றார். அந்த மனிதரும் அஞ்சா நெஞ்சன் என்று பேசியவர்தான்.

எடிற்றர் அண்ணையின் மகள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறாள். இங்கே பிறந்த பிள்ளை. "அங்கிள், அப்பாவைப் பற்றி எழுதுங்கோ. நைஸா எழுதவேண்டாம், நடந்ததை எழுதுங்கோ" என்று கேட்டாள். எழுதிவிட்டேன். அண்ணையின் பெயர் அட்டையில் இருக்கிறது. அதற்குள் அந்த முதலாளியின் பெயரைக் கொண்டுவர எனக்கு மனமில்லை. தன்னைத்தான் எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். வழக்குப் போடுவதென்றால் போடட்டும். சாட்சி வீட்டில்தான் இருக்கிறாள்.